மூன்றாவது மாத்திரை

நான் பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்த எஸ்டேட் டிஸ்பென்சரியை மூடியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. எஸ்டேட் கைமாறியிருந்தது. உடம்புக்கு முடியாதவர்களை ஜீப்பில் ஏற்றி ஏற்காடு டவுனுக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று புதிதாக வாங்கியவர்கள் முடிவு செய்தார்கள். மருந்து பீரோ சாவியை எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கொடுத்துவிட்டு வெள்ளக்கடை பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றேன். நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை.

ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். இருந்தேனே தவிர உட்காரவில்லை. துடைத்த மேடையையே மறுபடி துடைப்பேன். வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வருவேன். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். சாப்பிட உட்காரும்போது, "ஏம்புள்ள, சித்த நேரம் ஒரு எடத்துல ஒக்காரேன். பாக்கற எனக்கே தலை சுத்துது" என்பார்.

அவர்தான் டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்திவந்த டாக்டரிடம் என்னைப் பற்றிச் சொன்னவர். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் இவருடைய பஸ்ஸில்தான் சேலம் போய்வருவார். மலையில் ஊர் ஊராக ஏறி இறங்க ஓர் ஆள் வேண்டும், ஆளைப் பார்த்ததும் ஜனங்கள் கதவைத் திறக்க வேண்டும் என்று கேட்டாராம். எஸ்டேட் நர்ஸைவிட அதற்கு யார் பொருத்தம் என்று இவர் சொல்லியிருக்கிறார். மறுநாளே போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டாக்டர் நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். முதல் நாள் என்னை உட்காரவைத்து அவர் சொன்னதை நான் நம்பவில்லை. வயிற்றுப்புண் பசியால் வருவதில்லை, மிளகாயால் வருவதில்லை, கவலையாலும் வருவதில்லை, பெரும்பாலும் ஒரு கிருமியால் வருகிறது என்றார். அது வயிற்றுக்குள்ளேயே, அந்த அமிலத்திலேயே வருடக்கணக்காகக் குடியிருக்கிறதாம். கிருமியைக் கொன்றால் புண் ஆறும், திரும்பி வராது.

நான் பன்னிரண்டு வருடமாக வயிறு எரிகிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு மாதிரி ஒரு மருந்தை மூடியில் ஊற்றிக் கொடுத்து, காரத்தைக் குறைங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க என்று சொல்லி அனுப்பியவள். லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடுகளில் கருக்கலில் ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு மத்தியானம் வரை பழம் பறிக்கிற பெண்களிடம் நேரத்துக்குச் சாப்பிடுங்க என்று சொல்லியிருக்கிறேன். அவ்வளவும் வீண் பேச்சா என்று அன்று சாயங்காலம் முழுக்க மனசு அரித்தது.

வேலை இதுதான். கிருமியைக் கொல்ல ஒரு மருந்து போதாது, மூன்று சேர்ந்து வேண்டும். இரண்டு கூட்டுகளை டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தார். இரண்டிலும் முதல் இரண்டு மருந்துகள் ஒன்றேதான்: அமிலத்தைக் குறைக்க ஓமெப்ரசோல், கிருமிக்கு அமாக்ஸிசிலின். வித்தியாசம் மூன்றாவதில். ஒரு கூட்டில் மூன்றாவது மெட்ரோனிடசோல், எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிற பழைய மாத்திரை. இன்னொன்றில் அப்போதுதான் புதிதாக வந்திருந்த கிளாரித்ரோமைசின். அதன் விலையைக் கேட்டால் மலையில் யாரும் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள். பழைய மாத்திரையே புதியதைப்போல வேலை செய்யும் என்று காட்டிவிட்டால் நம் ஜனங்களுக்கு அதுவே போதுமே என்பது டாக்டரின் எண்ணம்.

யாருக்கு எந்தக் கூட்டு என்பதை நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. டாக்டருடைய சேலத்து நண்பர் சீட்டுப் போட்டு, வரிசை எண் எழுதி ஒட்டிய கவர்களைக் கொடுத்திருந்தார். ஆள் சம்மதித்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்ததும் அடுத்த எண் கவரைப் பிரிப்பேன். உள்ளே பழையது என்றோ புதியது என்றோ இருக்கும். இருக்கிறபடி கொடுக்க வேண்டும். பாவம் பார்த்து மாற்றக் கூடாது, தெரிந்தவர் என்று மாற்றக் கூடாது. டாக்டர் இதை மூன்று முறை சொன்னார்.

அதற்கு முன் ஆட்களைச் சேலத்துக்குக் கூட்டிப்போய்க் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் இருபது வளைவும் இறங்குவதற்குள் பாதிப் பேர் ஜன்னலில் தலையை வைத்திருப்பார்கள். அங்கே தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கறுப்புக் குழாயை வாய் வழியாக விடுவார்கள். வயிற்றிலிருந்து எள்ளளவு சதையைக் கிள்ளி, மஞ்சள் திரவம் இருக்கிற சின்னப் புட்டியில் போட்டு என் கையில் தருவார்கள். கிருமி இருந்தால் மஞ்சள் ரோஸாக மாறும். சிலருக்குக் கால் மணி நேரத்தில் மாறிவிடும். சிலருக்கு ஒரு நாள் ஆகும்.

அந்தப் புட்டிகளைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் மலையேறுவேன். ஒவ்வொரு வளைவிலும் பிரித்துப் பார்ப்பேன். டிக்கெட் கிழிக்க வருகிற என் வீட்டுக்காரர், "முட்டை பொரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

முதலில் சேர்ந்தவர்களில் ஒருத்தி என் பழைய எஸ்டேட்டில் காபி பறிக்கிறவள். என் வயதுதான் இருக்கும். அவளுடைய பாட்டன் காலத்தில் சமவெளியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பறிப்புக் காலத்தில் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டே குனிந்து நின்று, வலி போகும் வரை செடியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அப்போதெல்லாம் நான் கொடுத்தது அந்தச் சுண்ணாம்பு மருந்துதான். இப்போது குழாய்க்கு வா என்றதும், நீங்க சொன்னா வாரனுங்க என்று வந்தாள். புட்டி நாலாவது வளைவு ஏறுவதற்குள் ரோஸாகிவிட்டது. அவளுக்குப் பிரிந்த கவரில் பழைய மாத்திரை.

பதினாலு நாள் மருந்து. ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் நான் வீட்டுக்கே போய் மீதியை எண்ணிப் பார்க்க வேண்டும். தலைச்சோலையில் சாமையும் காபியும் போட்டிருந்த குடியானவர்கள் வீட்டுக்கும், மஞ்சக்குட்டைக்கும், எஸ்டேட் லயங்களுக்கும் போனேன். பஸ் வராத இடத்துக்கு ஜீப், ஜீப் வராத இடத்துக்கு நடை. நடப்பது எனக்குப் பிடித்திருந்தது. காத்திருப்பதுதான் ஆகாது. மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தால்தான் கிருமி போனதா என்று தெரியும். அந்த ஒரு மாதம் எனக்கு நகரவே நகராது.

மறு குழாய்க்கு முதலில் தலைச்சோலைக்காரர்கள் வந்தார்கள். பழைய மாத்திரை சாப்பிட்டவர்கள், புதியது சாப்பிட்டவர்கள் இரு சாராருமே. புட்டிகள் ஏற்காடு வந்து சேரும்வரை மஞ்சளாகவே இருந்தன. மறுநாளும் மஞ்சள். டாக்டர் அவற்றை ஜன்னல் பக்கம் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பழைய மாத்திரையே போதும் போலிருக்கே சிஸ்டர் என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் எஸ்டேட் ஆட்கள். காபி பறிக்கிறவளும் வந்தாள். அவளுடைய புட்டி பஸ் சேலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே ரோஸாகிவிட்டது. அவளோடு வந்த இன்னும் இரண்டு பேருடையதும் அப்படியே. புதிய மாத்திரை சாப்பிட்ட ஒரே ஆளுடையது மட்டும் மாறவில்லை. அதற்கடுத்த வாரமும் இதே கதை. அதே கூட்டு, அதே பதினாலு நாள். தலைச்சோலையில் வேலை செய்தது லயத்தில் வேலை செய்யவில்லை.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "மாத்திரையை முழுங்கினாங்களா சிஸ்டர்? நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். எல்லா நாளும் பார்த்தீர்களா என்றார். எல்லா நாளும் எப்படிப் பார்க்க முடியும்? சொல்லப்பட்ட இரண்டு நாள் போனேன், எண்ணிக்கை சரியாக இருந்தது என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. தெரிந்த இடம், பழகிய ஜனம், போகாமலே எழுதியிருப்பேன் என்று நினைத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு அந்த அறையில் நிற்க முடியவில்லை.

அதிலிருந்து மருந்து சாப்பிடுகிற எஸ்டேட் ஆட்கள் எல்லோர் வீட்டுக்கும் தினமும் போக ஆரம்பித்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. காலையில் ஒரு லயம், சாயங்காலம் ஒரு லயம். என் முன்னால் வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். வயதானவர்கள் கூடக் குழந்தைகள் மாதிரி நாக்கை நீட்டிக் காட்டினார்கள். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

கடைசியில் காபி பறிக்கிறவளின் வீட்டுக்கே போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. வாசலில் உட்கார்ந்து மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே கேட்டேன். உண்மையைச் சொல்லு, ஒரு வேளைகூட விடவில்லையா, கசக்கிறது என்று தூக்கிப் போடவில்லையா என்று.

அவள் கை நின்றது. "ஏனுங்க நர்ஸம்மா, நான் எதுக்குங்க தூக்கிப் போடோணும்? எனக்குத்தானுங்க வவுறு நோவுது." இன்னொரு மிளகுக் கொத்தை எடுத்து உதிர்த்துக்கொண்டே அவளே சொன்னாள். "கசப்பு எனக்கென்ன புதுசுங்களா. அந்த மூணாவது மாத்திரை நீங்க டிஸ்பென்சரில குடுப்பீங்களே, அதேதானுங்க. வாயில துரு ஏறுன மாரி இருக்குமே. மழை வந்தாப் போதும், லயத்துல அல்லாருக்கும் அதத்தானே குடுப்பீங்க."

நான் அப்படியே நின்றேன். அவள் உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

அவள் சொன்னது சரி. ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் லயங்களுக்கு வருகிற தண்ணீர் கலங்கும். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சீதபேதி கண்டுவிடும். டிஸ்பென்சரியில் அதற்கு இருந்த ஒரே மாத்திரை மெட்ரோனிடசோல். மலம் பார்க்கிற வசதி இல்லை. பேதி என்று வந்தால் அது, வயிறு உப்புசம் என்று வந்தாலும் அது. முழுக்கக் கொடுப்பதும் இல்லை. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று மருந்து வரும், ஆட்கள் அதற்கு மேல் வருவார்கள். ஐந்து நாளைக்கான மாத்திரையை இரண்டு நாளாக வெட்டி இரண்டு பேருக்குக் கொடுப்பேன். பேதி நின்றுவிடும். நின்றதால் நான் சரியாகத்தான் செய்கிறேன் என்று இருந்தேன். பன்னிரண்டு மழைக்காலம் அப்படிச் செய்திருக்கிறேன்.

தலைச்சோலைக்காரர்கள் என் டிஸ்பென்சரிக்கு வந்ததே இல்லை. எஸ்டேட் ஆட்களுக்கு மட்டும்தான் அங்கே மருந்து.

கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போகும் என்று படிக்கிற காலத்தில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். காசநோய்க்கு மருந்தைப் பாதியில் விடக் கூடாது என்று நானே ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். பேதி மாத்திரைக்கும் அது பொருந்தும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அன்று லயத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை மூன்று மைல் நடந்தேன். பஸ் வந்தது. ஏறாமல் அடுத்த நிறுத்தத்துக்கும் நடந்தேன்.

மறுநாள் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருடைய அறை வாசல் வரை போவேன். உள்ளே யாராவது இருப்பார்கள், திரும்பிவிடுவேன். யாரும் இல்லாதபோது போவேன், மருந்து பீரோவைத் திறந்து அடுக்கியதையே அடுக்கிவிட்டு வருவேன். சொன்னால் என்ன ஆகும் என்று பயமா, அல்லது வாயால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயமா, எனக்கே தெரியவில்லை. ஒரு வாரம் போனது.

அந்த வாரத்தில்தான் மஞ்சக்குட்டை ஜீப் டிரைவர் வந்தார். ஐம்பது வயசுக்காரர். என் பழைய எஸ்டேட்டில் பல வருடம் ஜீப் ஓட்டிவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு ஜீப் வாங்கி மஞ்சக்குட்டைக்கும் டவுனுக்கும் ஆளேற்றிக்கொண்டிருந்தார். என்னை எத்தனையோ ஊருக்குக் கொண்டுபோய் விட்டவர். அவருக்கும் பழைய புண், குழாய் விட்டுப் பார்த்ததில் புட்டியும் ரோஸாகியிருந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு தடவை இரத்த வாந்தி எடுத்து, சேலத்தில் கிடந்து பிழைத்தவர். கைநாட்டு வைக்கவில்லை, பெரிதாக நீட்டிக் கையெழுத்தே போட்டார். நான் கவரைப் பிரித்தேன். பழையது.

எனக்குத் தெரியும், மழைக்காலத்தில் அவரும் என் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றவர். கையில் மூன்று மாத்திரை வாங்கிக்கொண்டு போனவர். அடுத்த கவர் மேஜை மேல்தான் இருந்தது. டாக்டர் வெளியே இருந்தார். பிரித்த கவரை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்ததைப் பிரித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பிரிக்கவில்லை. மூன்று முறை சொல்லப்பட்ட பேச்சு காதில் இருந்தது. பழைய மாத்திரையையே எண்ணிப் போட்டுக் கொடுத்தேன். அவர் போகும்போது, இனிமே வவுறு தொந்தரவு இருக்காதுங்களே என்று கேட்டார். பார்க்கலாம் அண்ணா என்றேன்.

மூன்று நாள் வீட்டில் போட்ட சோற்றை அளைந்துவிட்டு எழுந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி, என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எங்கிட்டச் சொல்லி என்ன புள்ள ஆவப்போவுது? நாளைக்கு மொத வேலையா டாக்டருகிட்டச் சொல்லு. அந்த மனுசன் ஒம்மேல சந்தேகப்படறதவிட மோசமா நீ என்ன சொல்லிப்போடப் போற?"

மறுநாள் டாக்டர் வரும்முன்பே அவர் அறையில் போய் நின்றேன். அவர் உள்ளே வந்து கோட்டை மாட்டுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். வேகமாகச் சொன்னேன் போலிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தக் கிருமி எத்தனையோ வருசமா அவங்க வயித்துல இருந்திருக்கு சிஸ்டர். நீங்க பேதிக்குக் குடுத்த மாத்திரை அதுக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. சாகிற அளவுக்குப் போகல, பழகிக்கிற அளவுக்குப் போயிருக்கு." என் பக்கம் திரும்பி, "நான் மட்டும் என்ன? பேதின்னு வந்தா நானும் அதத்தான் எழுதறேன்" என்றார்.

இது இன்னும் ஒரு ஊகம்தான், நாலு பேரின் நினைவை வைத்து முடிவு கட்ட முடியாது என்றும் சொன்னார். டிஸ்பென்சரியின் பழைய ரிஜிஸ்டர்கள் கிடைக்குமா என்று கேட்டார். ஜீப் டிரைவரின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஏற்கெனவே இரத்தம் கொட்டிய புண். அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், கொடுத்த மருந்தைத் திரும்ப வாங்கிப் புதியதைக் கொடுத்துவிட்டு வாருங்கள், இன்றைக்கே என்றார்.

பதினோரு மணிக்கு மஞ்சக்குட்டையில் இறங்கினேன். டிரைவர் வீட்டில் இல்லை. ஜீப் வாசலில் நின்றது. அவருடைய மனைவி, பின்னால் தோட்டத்துப் பக்கம் போனவர் வெகு நேரமாக வரவில்லை என்றாள். நான் ஓடினேன். ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. பக்கத்தில் காபித்தூளைக் கரைத்துக் கொட்டியது போல வாந்தி.

"ரெண்டு நாளா கருப்பாப் போவுதுங்க. மருந்தோட சூடுன்னு உட்டுட்டனுங்க," என்றார். குரல் எழும்பவில்லை.

பக்கத்து வீட்டு ஆள் அவருடைய ஜீப்பையே எடுத்தார். பின் சீட்டில் அவரைப் படுக்கவைத்துத் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவருடைய மனைவி காலைப் பிடித்துக்கொண்டாள். நாடியை எண்ணிக்கொண்டே வந்தேன், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. டவுனில் டாக்டர் சலைன் ஏற்றி, தானும் கூடவே ஏறிக்கொண்டார். எத்தனையோ முறை இறங்கிய அந்த இருபது வளைவும் அன்றைக்கு முடிகிற வழியாக இல்லை. ஒவ்வொரு வளைவிலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். கடைசி இரண்டு வளைவில் விரல் அசையவில்லை.

சேலத்தில் இரத்தம் கொடுத்து, அன்று சாயங்காலமே வயிற்றைத் திறந்து தைத்தார்கள். என் வீட்டுக்காரரும் டெப்போவிலிருந்து இரண்டு கண்டக்டர்களும் வந்து இரத்தம் கொடுத்தார்கள். பிழைத்துவிட்டார் என்று சொன்னபோதும் நான் வராந்தாவின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டுதான் இருந்தேன்.

டாக்டர் என் பக்கத்தில் வந்து சொன்னார். இரத்தம் கசிந்ததற்கு மூன்றாவது மாத்திரை காரணமில்லை. நாலு நாளில் எந்தக் கூட்டும் அப்படிப்பட்ட புண்ணை ஆற்றியிருக்காது. இடுப்பு வலிக்கு அவர் கடையில் வாங்கிப் பல மாதமாக விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைதான் புண்ணைக் கிளறியிருக்கிறது, அதை அவர் நம்மிடம் சொல்லவில்லை. அவர் சொன்னது எனக்குப் புரிந்தது, சரி என்றும் தெரிந்தது. ஆனால் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

அதன் பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. ரைட்டரிடம் கேட்டு, பூட்டிய டிஸ்பென்சரியைத் திறந்தேன். சில ரிஜிஸ்டர்களைக் கரையான் தின்றிருந்தது. மீதியை இரண்டு சாக்கில் கட்டி எடுத்து வந்தேன். என் கையெழுத்தில், ஒவ்வொரு மழைக்காலமும், பெயர் பெயராக. சிலர் பெயர் ஒரே மாதத்தில் மூன்று முறை இருந்தது. டாக்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உட்கார்ந்து, புண் ஆறியவர்கள் பெயரையும் ஆறாதவர்கள் பெயரையும் அதில் தேடினோம். சேரும் புதிய ஆட்களிடம், முன்பு பேதிக்கு மாத்திரை சாப்பிட்டீர்களா, எத்தனை தடவை என்று கேட்கிற ஒரு கேள்வியும் சேர்ந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். எஸ்டேட் ஆட்கள் பார்த்ததும் சிரிப்பார்கள்.

நாங்கள் சந்தேகப்பட்டது சரியாகவே வந்தது. பழைய மாத்திரையைப் பல முறை தின்றவர்களிடம் பழைய கூட்டு பெரும்பாலும் தோற்றது. தின்னாதவர்களிடம் புதியதோடு போட்டி போட்டது. எல்லோருக்கும் மலிவான கூட்டு போதும் என்று காட்ட நினைத்த டாக்டருக்கு, யாருக்குப் போதும் யாருக்குப் போதாது என்பதுதான் கிடைத்தது. அதை எழுதி எங்கோ அனுப்பினார். எஸ்டேட் பெயரோ என் பெயரோ அதில் வராது என்று, நான் கேட்காமலே சொன்னார்.

தோற்றவர்களுக்கெல்லாம் புதிய கூட்டு கொடுக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். மருந்துக்காக யார் யாரிடமோ கேட்டு எழுதினார். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. காபி பறிக்கிறவளுக்கு முதலில் கொடுத்தோம். மூன்றாவது முறையாகக் குழாய் விழுங்கினாள். புட்டி மறுநாள் மத்தியானம் வரை மஞ்சளாகவே இருந்தது. அதைச் சொல்ல அவளுடைய லயத்துக்குப் போனேன். அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

பறிப்பு நாள். செடிகளுக்கு நடுவே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பறித்துக்கொண்டே போக, நான் பின்னாலேயே நடந்துகொண்டு சொன்னேன். முதல் மருந்து உனக்குக் கேட்காமல் போனதற்கு நான்தான் காரணம், டிஸ்பென்சரியில் அரைகுறையாகக் கொடுத்த மாத்திரைதான் காரணம், அதனால்தான் இத்தனை முறை குழாய் விழுங்க வேண்டிவந்தது என்று. மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. கை பழுத்ததைத் தேடிக் கிளைக்குள் போய்ப்போய் வந்தது.

"அந்த வருசம் எம்பையனுக்கு ரத்தமாப் போச்சுங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? கண்ணு உள்ள போயி, கூப்புட்டாத் திரும்பாமக் கெடந்தான். அந்த மாத்திரையத்தானுங்க பொடி பண்ணித் தேன்ல கொழச்சுக் குடுத்தீங்க. ரெண்டு நாள் எங்கூட்லயே ஒக்காந்திருந்தீங்க. இப்ப அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனில நிக்கறான்." ஒரு கிளையை விட்டு அடுத்ததை இழுத்தாள். "அதையுஞ் சேத்துத்தான் நெனைக்கோணும் நீங்க."

எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எத்தனையோ மழைக்காலம், எத்தனையோ குழந்தைகள். அவள் சொன்ன வருடத்து ரிஜிஸ்டர் கரையான் தின்றவற்றில் ஒன்று.

வயிறு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பூச்சி போயிடுச்சுன்னு நீங்க சொல்றீங்க, நோவு முன்ன மாரி இல்லீங்க, ஆனா சில நாளு இருக்குதுங்க என்றாள். உண்மையைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மேஸ்திரி வரிசையின் கோடியிலிருந்து குரல் கொடுத்தார். அவள் கூடையைச் சரித்துச் சாக்கில் கொட்டிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். மஞ்சக்குட்டையில் அன்று இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. ஜீப் டிரைவருக்குத் தையல் ஆறி உடம்பு தேற மாதக்கணக்காகியிருந்தது, புதிய மருந்தை அப்போதுதான் தொடங்கியிருந்தோம், அன்று ஐந்தாம் நாள். நான் ரோட்டுக்கு ஏறினேன். பனியில் எந்த வண்டி வருகிறது என்று தெரியவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, நிற்காமல், மஞ்சக்குட்டைப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.